வெயில் பட்டாலே தடிக்கும் தோல்: குளியல் பொடி போட்டும் கேட்கவில்லை, என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் மருமகள் · ஏப்ரல் 20, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. மாசிக் கடைசியில் வற்றல் போட மாடிக்கு ஏறியதிலிருந்து இந்தத் தொல்லை. முன்கை இரண்டிலும், கழுத்தில் ரவிக்கைக்கு மேலே தெரிகிற இடத்திலும், கன்னத்திலும் சின்னச் சின்னதாகச் சிவந்து பொரிகிறது. வெயிலில் நின்ற அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் அரிக்கத் தொடங்கும், நாலைந்து நாள் இருக்கும். அடங்கியதும் மறுபடி மாடி, மறுபடி அரிப்பு. கன்னத்தில் மங்கு மாதிரி கருமை வேறு படர்கிறது.

அயித்தை இதை உடம்புச் சூடு என்கிறார்கள். நன்னாரி ஊறப்போட்ட தண்ணீர் குடிக்கிறேன். காரைக்குடியில் ஒரு கடையில் மூலிகைக் குளியல் பொடி வாங்கி, ஒரு மாதமாக சோப்பையே தொடவில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பொடியைக் குழைத்துக் கை, கழுத்து, முகமெல்லாம் பூசி, 20 நிமிடம் வைத்துக் குளித்துவிட்டுத்தான் மாடிக்குப் போகிறேன். ஆனால் பொடி போடத் தொடங்கிய பிறகு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மங்குக்காக மருந்துக் கடையில் கொடுத்த ஒரு களிம்பை ஆறு மாதம் தடவினேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது எனக்குத் தெரியாது. கன்னத்துத் தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தது. அந்தப் பயத்தில் ஆயுர்வேதமாகவே பார்க்க நினைக்கிறேன். உள்ளுக்கு என்ன சாப்பிடலாம், மேலுக்கு என்ன பூசலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி · ஏப்ரல் 20, இரவு 10.15

அம்மா, சித்திரை வெயில் யாரையும் விடாது. எங்கள் அப்பத்தா காலத்தில் இதற்கு நுங்குதான். நுங்கைக் கீறி அந்தத் தண்ணீரைக் கையில் தேய்த்துவிடுவார்கள், எரிச்சல் உடனே அடங்கும். சந்தனக்கல்லில் சந்தனக் கட்டையை இழைத்து ராத்திரி பூசு. கடையில் விற்கிற சந்தனப் பொடி வேண்டாம், வாசனைதான் இருக்கும், சந்தனம் இருக்காது. மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேரை ஒரு முடிச்சாகக் கட்டிப் போட்டுக் குடி.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று மட்டும் வெயிலில் அலையாதே. அதைப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

புதுவயல் · ஏப்ரல் 21, காலை 6.50

அக்கா, எலுமிச்சைச் சாறும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து காலையில் பூசிப் பாருங்கள். என் தங்கைக்குக் கருமை நன்றாகக் குறைந்தது.

காரைக்குடி மருந்துக்கடை · ஏப்ரல் 21, காலை 8.05

எலுமிச்சை வேண்டவே வேண்டாம் தம்பி. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். சிவப்பு, கொப்புளம் எல்லாம் ஒரு நாள் கழித்து வரும். அப்புறம் அந்த இடம் மாதக் கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெயில் தாங்காத தோலுக்கு இதைச் சொல்லவே கூடாது.

அக்கா, எங்கள் குடும்பத்துக்கு நாட்டுமருந்துக் கடை. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டியவள் நான். நீங்கள் வாங்கிய பொடியின் உறையில் என்னென்ன சரக்கு எழுதியிருக்கிறது என்று ஒன்று விடாமல் இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை.

கானாடுகாத்தான் மருமகள் · ஏப்ரல் 21, மதியம் 1.30

உறையில் உள்ளபடியே எழுதுகிறேன்: பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போகரிசி, வேப்பிலை.

எலுமிச்சை என்றதும் ஒன்று நினைவு வந்தது. போன வாரம் ஊறுகாய்க்கு 50 பழம் பிழிந்துவிட்டு, கையை ஒழுங்காகக் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். இரண்டு நாள் கழித்து வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாறு வழிந்த மாதிரியே ஒரு கோடு. இப்போது அது பழுப்பாக இருக்கிறது. பூரான் ஊர்ந்துவிட்டது என்று அயித்தை மஞ்சள் பற்றுப் போட்டார்கள்.

காரைக்குடி மருந்துக்கடை · ஏப்ரல் 21, இரவு 8.45

அக்கா, அந்தக் கோடு பூரானால் வந்ததில்லை, எலுமிச்சைச் சாற்றால் வந்தது. உங்கள் பொடியில் நான் தேடியதும் இருக்கிறது.

கார்போகரிசியை நீங்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், பொடியாகத்தான் வாங்கியிருப்பீர்கள். பேரில்தான் அரிசி. கறுப்பாக, தட்டையாக, அவரை விதையை எள் அளவுக்குச் சுருக்கினாற்போல இருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் பிசுபிசுப்பும் ஒரு காட்டமான வாசனையும் வரும். ஆயுர்வேதத்தில் இதற்குப் பாகுசி என்று பேர். வெண்புள்ளிக்கான மருந்து இது. மருந்தைப் பூசிவிட்டு, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டச் சொல்லுவார்கள். அந்த விதையில் இருக்கிற சோரலென் என்ற பொருள் வெயிலைப் பிடித்துத் தோலில் வேலை செய்ய வைக்கிறது. அதனால்தான் நிறமில்லாத இடத்தில் நிறம் வருகிறது. வெளிநாட்டு மருத்துவத்திலும் 1970களிலிருந்து சோரலென் கொடுத்துப் புற ஊதாக் கதிரைக் காட்டும் சிகிச்சை இருக்கிறது, புவா என்பார்கள்.

ஆக, வெயிலைத் தோலுக்குள் அழைக்கிற சரக்கு இது. வெயில் ஆகாத உங்கள் தோலில் இதைப் பூசி, 20 நிமிடம் ஊறவைத்து, நேரே மாடிக்குப் போயிருக்கிறீர்கள்.

எங்கள் கடையிலும் குளியல் பொடிக்கு இதைச் சேர்த்துத்தான் அரைப்போம், பழைய வழக்கம் அது. சொறி, சிரங்கு, வியர்வை நாற்றத்துக்கு நல்லது என்று சேர்த்தார்கள். யார் வந்து கேட்டாலும் 'வெயில் ஒத்துக்கொள்ளுமா?' என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா பொட்டலம் கட்டுவார். உறையில் அடைத்து விற்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மூலிகை என்று எழுதிவிட்டால் போதும், எல்லோருக்கும் எல்லாமும் சேரும் என்று ஆகிவிட்டது.

கோட்டையூர் காவடி · ஏப்ரல் 21, இரவு 9.30

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கார்போகரிசி போட்ட பொடிதான். பிள்ளைகளையும் அதில்தான் குளிப்பாட்டினோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிறேன். பகலெல்லாம் வெயில்தான். அப்போதும் அதே பொடிதான் கொண்டுபோகிறேன். ஒரு சரக்கைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

தேவகோட்டை வைத்தியர் · ஏப்ரல் 22, காலை 5.55

நான் ஆயுர்வேதம் படித்து மருத்துவம் பார்ப்பவள். கோட்டையூர் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அளவு கொஞ்சம், பூசியதும் கழுவிவிடுகிறோம், தோலும் ஒத்துழைக்கிறது என்றால் பலருக்கு ஒன்றும் ஆகாது. இந்தத் தங்கை பொடியை 20 நிமிடம் ஊறவைக்கிறார், உடனே வெயிலுக்குப் போகிறார். தோலும் முதலிலேயே வெயிலுக்கு முறைக்கிற தோல். அதோடு பொடி போட ஆரம்பித்த பிறகு கூடியிருக்கிறது என்று அவரே சொல்கிறார். கார்போகரிசிதான் முழுக் காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் இன்றே நிறுத்த அது போதுமான காரணம். தொல்லை பொடிக்கு முன்பே தொடங்கியதா, பின்பா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள் தங்கை.

மருந்து சொல்வதற்கு முன்னால் எனக்குச் சில விவரம் தெரிய வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று, தடிப்பு எங்கே இல்லை என்று பாருங்கள். மேல் இமை, முகவாய்க்கட்டைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், வளையலுக்கு அடியில். இந்த இடங்களெல்லாம் சுத்தமாக இருந்தால் குற்றம் வெயிலுடையது. இமையும் கழுத்து மடிப்பும் சேர்ந்து தடித்திருந்தால் பார்த்தீனியம் செடியைச் சந்தேகப்பட வேண்டும். நம் பக்கம் கண்மாய்க் கரையிலும் சாலை ஓரத்திலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கிறதே, அதுதான். அதன் தூள் காற்றில் வந்து படிந்து, வெயில் ஒவ்வாமை மாதிரியே வேஷம் போடும். சேலைக்குள்ளே, இடுப்பில், முதுகில் பொரிந்தால் அது வேர்க்குரு. ஆச்சி சொன்ன நுங்கு அதற்கு மிகவும் சுகம்.

அடுத்தது மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், எலிக்காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின், சில வலி மாத்திரைகள், இவையெல்லாம் தோலை வெயிலுக்குக் காட்டிக் கொடுப்பவை. எதையாவது சாப்பிடுகிறீர்களா?

மூன்றாவது, இதுதான் முக்கியம். மூட்டு வலி, காலையில் விரல் மடங்காமல் இருப்பது, வாயில் வலியில்லாத புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, காரணமில்லாத காய்ச்சல், இதில் ஏதாவது உண்டா? இருந்தால் பொடி, தைலம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கானாடுகாத்தான் மருமகள் · ஏப்ரல் 22, காலை 11.20

டாக்டரம்மா, இமை சுத்தம். முகவாய்க்குக் கீழே சுத்தம். வளையலைக் கழற்றிப் பார்த்தேன். வளையல் கிடந்த இடம் வெளுப்பாக ஒரு பட்டை, அதற்கு மேலும் கீழும் பொரி. கடிகாரம் கட்டிய இடமும் அப்படியே. மாத்திரை எதுவும் இல்லை. முடி கொட்டுகிறது, ஆனால் எல்லோருக்கும் கொட்டுகிற அளவுதான் என்று நினைக்கிறேன். கால் மூட்டு எப்போதாவது வலிக்கும்.

யோசித்துப் பார்த்தால் முதல் தடிப்பு பொடிக்குப் பத்து நாள் முந்தியே வந்தது. அதைப் போக்கத்தான் பொடியே வாங்கினேன்.

குன்றக்குடிச் சாலை · ஏப்ரல் 22, இரவு 10.50

நான் பொதுவாக இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. டாக்டரம்மாவின் மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 26 வயதில் கன்னம் இரண்டிலும் சிவப்பு வந்தது. மூக்கின் மேல் சேர்ந்து, பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல இருந்தது. வெயிலில் போனால் எரியும். வீட்டில் எல்லோரும் சூடு என்றார்கள், நானும் நம்பினேன். சந்தனம், கற்றாழை, அருகம்புல் சாறு என்று நாலு வருஷம் போனது. நடுவில் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று யாரோ சொல்லி, சீந்தில் கஷாயமும் அமுக்கராப் பொடியும் மாதக் கணக்கில் சாப்பிட்டேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் தலை பின்ன முடியாமல் அம்மாவைக் கூப்பிட்ட பிறகுதான் மதுரைக்குப் போனோம். லூபஸ் என்றார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம்மைத் தாக்குகிற நோய். அதைக் கிளப்பிவிடக் கூடிய மூலிகைகளை நானே தேடித் தேடிச் சாப்பிட்டிருக்கிறேன். சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்தது.

இப்போது ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையில் நன்றாக இருக்கிறேன். அதற்காகக் கண் பரிசோதனை செய்துகொள்கிறேன். கற்றாழையும் சந்தனமும் இன்றைக்கும் பூசுகிறேன், சுகமாக இருக்கும். ஆனால் சுகம் வேறு, நோய் தீர்வது வேறு என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷமும் ஒரு சிறுநீரகப் பயமும் ஆனது. அக்கா, மூட்டு வலியை எப்போதாவது என்று தள்ளாதீர்கள். ஏ.என்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி · ஏப்ரல் 23, காலை 6.30

குன்றக்குடிச் சாலை அம்மா, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். கானாடுகாத்தான், அந்த அம்மா சொன்னபடி முதலில் போய்ப் பரிசோதனை செய். நுங்கு எங்கேயும் ஓடிவிடாது.

தேவகோட்டை வைத்தியர் · ஏப்ரல் 23, காலை 7.10

குன்றக்குடிச் சாலைத் தங்கைக்கு நன்றி. என்னிடம் வருகிறவர்களிடம் நான் மல்லுக்கட்டிச் சொல்கிற விஷயம் இது.

கானாடுகாத்தான் தங்கை, நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பருவத்தின் முதல் கடும் வெயிலில் வரும் ஒளி ஒவ்வாமை போல இருக்கிறது. வெயில் பட்டுச் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துப் பொரியும், நாலைந்து நாளில் தானே அடங்கும். நம் ஊரில் சித்திரை பிறந்த சில நாளிலேயே உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. காரைக்குடி பத்து பாகை அட்சரேகையில் இருப்பதால், கத்திரி தொடங்குவதற்கு முன்பே கதிர் கடுமையாகிவிடும். சூட்டுக்கும் கதிருக்கும் சம்பந்தமில்லை. காற்று குளுகுளுவென்று அடிக்கிற நாளிலும் தோல் வேகும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் மாடிக்குப் போகக் கூடாது. முற்றத்தில் நிழலாகத்தானே இருக்கிறது என்று உட்காருவதும் போதாது. திறந்த வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் தாழ்வாரத்து நிழலிலும் விழும். இரண்டாம் கட்டுக்குள் போய்விடுங்கள்.

சரி, மருந்து. பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் நிறம் காக்கும் மூலிகைகள் என்று பத்தைச் சொல்கிறார். அதில் சந்தனம், வெட்டிவேர், நன்னாரி, அதிமதுரம், மஞ்சிட்டி எல்லாம் வருகின்றன. எரிச்சல் தணிக்கும் பத்து என்று இன்னொரு வரிசை. அதிலும் சந்தனம், வெட்டிவேர், நன்னாரி, அதிமதுரம் திரும்ப வருவதைக் கவனியுங்கள். ஆக, நம் வீட்டுப் பானையிலும் சந்தனக்கல்லிலும் இருப்பது நல்ல சரக்குதான். ராத்திரி, வீட்டுக்குள், வெயில் போன பிறகு பூசுங்கள். காலையில் கழுவிவிடுங்கள். அதிமதுரத்தை மேலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்குத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

கற்றாழையை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை முழுதாக வடியவிட்டு, சதையை நாலைந்து தண்ணீரில் அலசிய பிறகு பூசுங்கள். அந்தப் பாலே பலருக்கு அரிப்பைக் கொடுக்கும். நால்பாமராதி தைலம் ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கின் பட்டையும் மஞ்சள் சாறும் சேர்த்துக் காய்ச்சுவது. வெயிலில் கறுத்ததற்கு நல்லது, ஆனால் இப்போது பொரி இருக்கும்போது வேண்டாம், அடங்கட்டும். உள்ளுக்கு மருந்து வேண்டுமென்றால் நேரில் பார்க்காமல் நான் எழுத மாட்டேன்.

இது எதுவும் வெயிலைத் தடுக்காது. வெந்த தோலை ஆற்றுவதற்கு உதவும், அவ்வளவுதான். தடுப்பதற்குத் துணியும் சன்ஸ்கிரீனும்தான். நெருக்கமாக நெய்த, அழுத்தமான நிறக் கைத்தறிச் சேலையின் முந்தானையை இழுத்துப் போர்த்துங்கள். அதே மாதிரித் துணியில் முழுக்கை ரவிக்கை. நைந்து மெலிந்த வெள்ளைத் துணி வேண்டாம், நனைந்தால் அது கதிரை இன்னும் உள்ளே விடும்.

ஈப்போவிலிருந்து · ஏப்ரல் 23, இரவு 8.00

ஆயுர்வேதம் படித்தவரே சன்ஸ்கிரீன் என்ற கெமிக்கலைச் சொல்வது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் எங்கள் ஐயா காலத்தில் எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள்.

தேவகோட்டை வைத்தியர் · ஏப்ரல் 23, இரவு 9.20

அண்ணே, உங்கள் ஐயா மேல் மரியாதையோடு சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் தோலின் வறட்சியைப் போக்கும், கதிரை நிறுத்துகிற வேலைக்கு அது பற்றாது. வெயில் ஒவ்வாமை உள்ளவரை அதை நம்பி அனுப்ப என்னால் முடியாது.

கெமிக்கல் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். துத்தநாகத்தைப் புடம் போட்டால் கிடைக்கும் யசத பற்பம் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடுதான். வேர்க்குருவுக்குத் தடவும் இளஞ்சிவப்பு காலமைனிலும் அதுதான். வெள்ளையாகப் படிகிற சன்ஸ்கிரீன் பலவற்றில் கதிரைத் தடுப்பதும் அதே பொருள்தான். உறையில் ஜிங்க் ஆக்சைடு என்று பார்த்து, வாசனை சேர்க்காததாக, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதம் நிற்கும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசினால்தான் அந்தக் கணக்கு. பொட்டு வைக்கிற அளவு எடுத்தால் பலனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பற்பத்தை வாங்கி முகத்தில் பூச வேண்டாம். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். பேரை மட்டும் பார்த்து வாங்கினால் கை மாறிப் போகும்.

காரைக்குடி மருந்துக்கடை · ஏப்ரல் 24, மதியம் 2.10

டாக்டரம்மா, நூறு முறை கழுவிய நெய்யைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் எரிச்சலுக்கு அதுதான். சொல்லட்டுமா?

அம்மா செய்வதை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் எடுப்பது அம்மாவின் சீர் சாமானில் வந்த செப்புத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, 100 கிராம் பசு நெய்யை அதில் விடுவார்கள். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நெய்யும் தண்ணீரும் முதலில் சேராமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் நெய் கெட்டிப்பட்டுக் கையோடு வரும். தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர். இப்படி நூறு தடவை. எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பக்கத்தில் நூறு புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொன்றாக இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவார்கள். பாதிக்கு மேல் போனதும் மஞ்சள் நிறம் போய், வெளுத்து, உப்பிக்கொண்டு வரும். கடைசியில் நெய் வாசனையும் பெரிதாக இருக்காது. விரலில் எடுத்தால் தோலில் பிசுக்கில்லாமல் இறங்கும். எங்களுக்கு ஒரு பகல் முழுதும் ஆகும், பட்டாலையில் உட்கார்ந்து இரண்டு பேர் மாற்றி மாற்றித் தேய்ப்போம்.

தேவகோட்டை வைத்தியர் · ஏப்ரல் 24, மாலை 5.40

ஆயுர்வேதத்தில் இந்த நெய்க்குச் சதௌத கிருதம் என்று பேர். அழகாகச் சொல்லிவிட்டீர்கள், என் அம்மாவும் புளியங்கொட்டைதான் வைப்பார். தங்கைக்கு இது தாராளமாகப் பொருந்தும், ராத்திரி மட்டும். மேலுக்குத்தான், சாப்பிடக் கூடாது. கடைசித் தண்ணீரைச் சொட்டு இல்லாமல் வடித்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, ஈரக் கை படாமல் எடுங்கள். தோல் வெடித்து நீர் வடிகிற இடத்தில் பூசாதீர்கள்.

கானாடுகாத்தான் மருமகள் · ஜூன் 9, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் கழித்து வந்ததற்கு மன்னிக்க வேண்டும். தோல் டாக்டரிடம் காட்டினேன். டாக்டரம்மா சொன்ன ஒளி ஒவ்வாமைதான் என்றார். ஏ.என்.ஏ. பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அந்தத் தாளை வாங்குகிற வரைக்கும் என் கை நடுங்கியது. குன்றக்குடிச் சாலைத் தங்கச்சியை நினைத்துக்கொண்டேதான் போனேன். ஐந்து நாளைக்கு மட்டும் ஒரு களிம்பு கொடுத்தார், இத்தனை நாள் மட்டும் என்று எழுதியே கொடுத்தார். பயமில்லாமல் தடவினேன்.

பொடியை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். வற்றல் வேலையையும் மாற்றினோம். விடிவதற்கு முன்னால் கூழைக் கிண்டி, வெளிச்சம் வந்ததும் பிழிந்துவிட்டு ஏழரைக்குள் இறங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் காக்கை விரட்டத்தான் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஏறுவேன். இப்போது நாலு மூலையிலும் கம்பு நட்டுப் பழைய கொசுவலையைக் கட்டிவிட்டோம். சாயங்காலம் அயித்தையே போய் எடுத்து வருகிறார்கள். உடம்புச் சூடு என்று சொல்வதை அவர்கள் விடவில்லை. ஆனால் நான் முந்தானையை மடக்கிச் செருகினால், கையை மூடு என்று முதலில் சொல்வதும் அவர்கள்தான்.

கத்திரி முழுக்க இரண்டு தடவைதான் பொரிந்தது, அதுவும் கொஞ்சமாக. நெய் செய்தேன். எண்பதாவது புளியங்கொட்டையில் கை ஓய்ந்துவிட்டது, மீதியை என் மகள் முடித்தாள். எலுமிச்சைக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கன்னத்துக் கருமை பாதி குறைந்திருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. கார்போகரிசி இல்லாமல் நானே பொடி அரைக்கப் போகிறேன். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கோரைக்கிழங்கு, இவ்வளவுதான். மஞ்சளும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அளவு எப்படி? இன்னொன்று, இங்கே மில்லில் எல்லோருடைய குளியல் பொடியும் ஒரே மிஷினில்தான் அரைபடுகிறது.

காரைக்குடி மருந்துக்கடை · ஜூன் 10, காலை 7.45

அக்கா, படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், ரொம்பச் சந்தோஷம். பச்சைப்பயறு அரை கிலோவுக்கு ஆவாரம்பூவும் ரோஜா இதழும் 50 கிராம் வீதம், வெட்டிவேர் 50, கோரைக்கிழங்கு 25 போதும். வெட்டிவேரைக் கத்திரியால் பொடியாக நறுக்கிக் காயவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாராக மிஷினில் சுற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகும், பூவின் நிறம் போகாது.

மில் விஷயத்தில் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. உங்களுக்கு முன்னால் அரைத்தவர் பொடியில் கார்போகரிசி இருந்தால், மிஷினில் ஒட்டியிருப்பது உங்கள் பொடியில்தான் முதலில் இறங்கும். மிளகாய் அரைத்த மிஷின் என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். போகும்போது ஒரு படி பச்சரிசி கொண்டுபோய், அதை முதலில் ஓட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அந்த மாவைத் தனியாக வைத்துக் கோலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் பொடி. வீட்டுக்கு வந்ததும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு காசு அளவு பூசி, இரண்டு நாள் அந்த இடத்தை வெயில் படாமல் மூடிவைத்துப் பாருங்கள். அரிக்கவில்லை என்றால் கைக்கு, அப்புறம்தான் முகத்துக்கு. பூசி ஊறவைக்காமல் உடனே கழுவிவிடுங்கள்.